படலையில் கூடிய வட்டம்

யாழ்ப்பாணத்தில் எந்த உண்மையும் கதிரையில் இருந்துகொண்டு சொல்லப்படுவதில்லை. ஒரு வீட்டுக்குப் போனால், தேத்தண்ணி குடித்து முடியும் வரைக்கும் மழையைப் பற்றிப் பேசுவோம், வெங்காயத்தின் விலையைப் பற்றிப் பேசுவோம், கனடாவில் இருக்கிறவர்கள் படுகிற குளிரை இங்கே இருந்து நடுங்கிக்கொண்டு பேசுவோம். பிறகு "அப்ப வாறம்" என்று எழுந்து, செருப்பைக் கொழுவி, படலைக் கொண்டியில் கையை வைத்ததும், "ஒண்டு சொல்ல மறந்துபோனன்" என்று ஒரு வசனம் வரும். அந்த மனிதர் வீட்டிலிருந்து வெளிக்கிட்டதே அந்த ஒன்றைச் சொல்வதற்குத்தான். படலைகள் இரும்புக் கேற்றாக மாறிய பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. என் கலியாணமே அப்படித்தான் முற்றானது. உள்ளே இரண்டு பகுதியும் ஒரு பின்னேரம் முழுக்க மாம்பழத்தைப் பற்றித்தான் பேசினார்களாம். படலையில் நின்ற நிலையில் என் தலைவிதியை எழுதிவிட்டார்கள்.

இது தெரியாத ஒருவனாக நான் இருந்திருந்தால் தப்பியிருப்பேன். தெரிந்தவனாக இருந்ததால்தான் கெட்டேன்.

நான் வேலை செய்வது ஒரு முதலீட்டு நிறுவனத்தில். சனங்களின் சேமிப்பை வாங்கிப் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் போட்டு வளர்த்துக் கொடுக்கிற வேலை. (வளர்ந்தால் எங்கள் திறமை, தேய்ந்தால் உலகச் சந்தையின் போக்கு. இதை முகம் மாறாமல் சொல்வதற்குத்தான் முதல் வருசப் பயிற்சி.) இந்த வேலையில் பணத்தைவிட அதிகமாக நான் கண்டது மாற்றத்தைத்தான். ஒரு வருசம் சின்னம் மாறும். மறு வருசம் சின்னத்தின் நிறம் மாறும். அதற்கடுத்த வருசம் வாடிக்கையாளருக்கு வணக்கம் சொல்லும்போது கை எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று கொழும்பிலிருந்து படம் வரைந்து அனுப்புவார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ரீசேட் உண்டு. நெஞ்சில் ஏதாவது ஒரு வீர வசனம் எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் நிலம் துடைக்கிற துணி, சைக்கிள் துடைக்கிற துணி, அடுப்படியில் சட்டி இறக்குகிற துணி எல்லாமே ஏதோ ஒரு மாற்றத்தின் மிச்சம்தான். மனிசி சட்டியைப் பிடிக்கும்போது "நாளையை நோக்கி" என்ற எழுத்து கரியோடு தெரியும்.

இந்தக் கதை நடந்த வருசத்தில் வந்த மாற்றம் கொஞ்சம் பெரியது. எல்லாவற்றையும் கைத்தொலைபேசிக்குக் கொண்டுபோகிறார்களாம். அதனால் எங்கள் நெல்லியடிக் கிளையை யாழ்ப்பாணப் பட்டினக் கிளையோடு இணைத்துவிடலாமா என்று தலைமையகம் யோசிக்கிறதாம். ஆனால் முந்தி மாதிரி மேலிருந்து கட்டளை போட்டு ஒன்றும் செய்யமாட்டார்களாம். ஊழியர்களின் மனதை அறிந்துதான் முடிவு எடுப்பார்களாம். மனதை அறிவதற்காக ஒவ்வொரு கிளையிலும் 'சகபாடிகள் கலந்துரையாடல் வட்டம்' என்று ஒன்று தொடங்கவேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிய, கதிரைகளை வட்டமாகப் போட்டு, மேலதிகாரி இல்லாமல், சமமானவர்கள் மட்டும் இருந்து, மாற்றத்தைப் பற்றித் தங்கள் பயங்களையும் விருப்பங்களையும் மனம் திறந்து பேசவேண்டும். மனம் திறக்கப்படும் செலவுக்குத் தேத்தண்ணியும் மாலுபணிசும் (உள்ளே மீன் வைத்த பணிஸ்) நிறுவனமே தரும்.

முகாமையாளர் வட்டத்துக்குள் வரக்கூடாது என்பது விதி. எங்கள் முகாமையாளர் தன் சேவைக் காலத்தில் ஒரு விதியை முழு மகிழ்ச்சியோடு கடைப்பிடித்தார் என்றால் அது இதுதான். வெள்ளிக்கிழமை கதிரைச் சத்தம் கேட்டதும் அவருடைய மோட்டச்சைக்கிள் ஸ்ராட் ஆகிவிடும்.

வட்டத்தை நடத்துகிறவரைத் தெரிவு செய்வதற்குக் கணினித் திரையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். "யாருக்காவது இதைப்பற்றிக் கருத்து இருக்கிறதா?" என்று கேட்டபோது நாட்டில் உள்ள அத்தனை கிளைகளும் ஒலியை மூடிக்கொண்டு சுவர் மாதிரி இருந்தன. எனக்குக் கருத்து இருந்தது. எனக்கு எப்போதும் கருத்து இருக்கும். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பஸ்ஸிலும் சந்தையிலும் செத்தவீட்டிலும் நாலு சனம் சொல்வதைக் கேட்டுக் கேட்டுப் பொறுக்கிச் சேர்த்த பழமொழிகள்தான் என் படிப்பு. அவற்றில் இரண்டை எடுத்துவிட்டேன். கூட்டம் முடிந்ததும் நெல்லியடி வட்டத்தின் 'வசதிப்படுத்துநர்' நான் என்று கடிதம் வந்தது. (பரமேஸ்வரன் என்ற என் பெயரிலேயே ஒரு எழுத்தை விட்டுவிட்டார்கள், பதவியில் ஒரு எழுத்தும் குறையவில்லை.)

வட்டத்தில் என்னைத் தவிர மூன்று பேர். கமலினி, கணக்குப் பகுதி. உடுவிலில் இருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். செல்வகுமார், என் வயதுக்காரர். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார், முதலீட்டாளர் ஒருவர் கோபமாக வந்தால் முதலில் ஒரு வாழைப்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கணக்கைக் காட்டுவார். ரஜீவன், பொடியன், கொக்குவிலில் இருந்து மோட்டச்சைக்கிளில் வருகிறவன். நான் உடுப்பிட்டி. கிளைக்கும் என் வீட்டுக்கும் நடுவில் சைக்கிளில் வியர்க்காமல் போய்ச் சேருகிற தூரம்தான்.

இந்த ஊர்ப் பெயர்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நான் கவனிக்கவில்லை.

என் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் மணி அடித்ததும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். சாந்தி (என் மனிசி) சுடுசோறு போட்டு, மீன் குழம்பும் ஒரு பால்கறியும் வைத்திருப்பாள். சாப்பிட்டு, விறாந்தைக் கட்டிலில் ஒரு கண் அயர்ந்து, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வருவேன். இவ்வளவு மாற்றங்களையும் தாங்கிக்கொண்டு நான் அந்த நிறுவனத்தில் இருந்ததற்குக் காரணமே அந்த ஒரு தட்டுச் சோறுதான். யாழ்ப்பாணத்தோடு இணைத்தால் காலையில் பஸ், பெட்டிச் சோறு, பின்னேரம் பஸ். அந்த வயதில் அதைப் புதிதாகப் பழக எனக்குத் தெம்பு இல்லை. ஆகவே கிளை மூடப்படக்கூடாது. அதற்கு வட்டம் 'மூடவேண்டாம்' என்று வாய் திறந்து சொல்லவேண்டும். நெல்லியடியைச் சுற்றியுள்ள வடமராட்சிக் கடற்கரைச் சனம் எங்கே போகும், தங்கள் சேமிப்பை யாரிடம் கேட்கும் என்று நான் உருகி உருகிப் பேசினேன். கடற்கரைச் சனத்தின் மேல் எனக்கு இருந்த அக்கறை பொய்யில்லை. ஆனால் பேசும்போது என் கண்ணுக்கு முன்னால் ஆவி பறந்தது சோற்றில் இருந்துதான்.

முதல் வெள்ளி, கதிரைகளை வட்டமாகப் போட்டோம். "எலி வளையானாலும் தனி வளை வேணும் எண்டு எங்கடை ஆக்கள் சும்மா சொல்லேல்லை" என்று ஆரம்பித்து அதன் பொருளை விரித்தேன். விரித்துக்கொண்டே போனேன். பிறகு, "இணைக்கிறதைப் பற்றி என்ன நினைக்கிறியள்? மனம் திறந்து சொல்லுங்கோ" என்றேன்.

கமலினி பணிசைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்தார். செல்வகுமார் மின்விசிறியைப் பார்த்தார். ரஜீவன் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தான். பிறகு நிமிர்த்தி வைத்தான்.

"ஓம்... செய்யலாம் போலை" என்றார் கமலினி.

"ஓம், பாப்பம்" என்றார் செல்வகுமார்.

ரஜீவன் தலையை மட்டும் ஆட்டினான்.

ஓம் என்ற சொல்லைப் பற்றி வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் சபை நடுவே சொல்லப்படும் ஓம் என்பது பெரும்பாலும் மரியாதை. மறுக்க மனமில்லாதவர் சொல்வதும் அதைத்தான், கேட்காதவர் சொல்வதும் அதைத்தான். நான் அந்த ஓமை நாக்கில் வைத்துப் பார்த்தேன். இழுத்துச் சொல்கிறார்கள், முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்கள். ஆக, உள்ளுக்குள் இருப்பது 'இல்லை' என்று முடிவு செய்தேன். பாவங்கள், தலைமையகத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தடுத்த வெள்ளிகளிலும் இதுவே நடந்தது. நான் பழமொழி சொல்வேன்; அவர்கள் ஓம் சொல்வார்கள்; பணிஸ் முடியும். என் சந்தேகத்தை உறுதியாக்கியது ஒன்று உண்டு. வட்டம் கலைந்ததும் மூன்று பேரும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார்கள். ஒழுங்கை முகப்பில், கிளையின் கேற்றடியில் நிற்பார்கள். உள்ளே பிணம் மாதிரி இருந்தவர்கள் அங்கே கையை ஆட்டி, சிரித்து, தலையில் அடித்து, உயிரோடு கதைப்பார்கள். நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு கிட்டப் போனதும் பேச்சு அறுந்துவிடும். கமலினி வானத்தைப் பார்ப்பார். "பரமண்ணை, மழை வருமோ?" என்பார். பங்குனி மாதத்து வெயிலில் கேட்கிற கேள்வியா அது?

எனக்கு விளங்கிவிட்டது. (விளங்காமல் இருந்திருக்கலாம்.) உண்மை படலையில் இருக்கிறது. அந்த உண்மை கிளையைக் காப்பாற்றும்.

கொழும்பில் இந்த வட்டங்களுக்கெல்லாம் பொறுப்பாக இருந்தவர் நிரோஷா என்ற பெண். கொழும்பிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, நல்ல பொறுமைசாலி. என்னை 'அங்கிள்' என்று கூப்பிடுவார் என்பதைத் தவிர அவரில் நான் ஒரு குறையும் காணவில்லை. அவருக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் போட்டேன். எங்கள் வட்டத்தில் சொல்லப்படுவதும் மனதில் உள்ளதும் வேறு வேறு, முடிவு எடுக்குமுன் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்று எழுதினேன். அவரும் ஒரு வெள்ளிக்கிழமை, சாரதியோடு பிடித்த வாடகை வான் வண்டியில் வந்து இறங்கினார். செல்வகுமார் மரியாதைக்கு ஒரு சீப்புக் கதலிப்பழத்தை வானுக்குள் வைத்துவிட்டார்.

அன்றைய வட்டம் வழமையை விட மோசம். கொழும்பு ஆள் வந்திருக்கிறபடியால் நான் எலி வளையை முழுதாகத் தோண்டினேன். மற்றவர்கள் ஓம் சொன்னார்கள். ரஜீவன் ஒரு படி மேலே போய், "மாற்றத்தை வரவேற்கிறம் மிஸ்" என்று பழைய ரீசேட் ஒன்றிலிருந்து வாசிப்பதுபோலச் சொன்னான். வட்டம் கலைந்தது. நிரோஷா தன் பையை மூடினார்.

"அங்கிள், எல்லாரும் சம்மதம்தானே?"

"மிஸ், இது சம்மதம் இல்லை. இது மரியாதை" என்றேன். எங்கள் ஊரின் படலைச் சாத்திரம் முழுவதையும் விளக்கினேன். என் கலியாணக் கதையையும் மாம்பழத்தோடு சொன்னேன். "உண்மை வேணுமெண்டால் படலைக்கு வரவேணும். உங்கடை வான் கேற்றோடைதான் நிக்குது. கண்ணாடியும் கறுப்பு. கொஞ்ச நேரம் உள்ளை இருந்து கேட்டால் போதும்."

"அது ஒட்டுக் கேக்கிறது இல்லையா அங்கிள்?"

ஒட்டுக் கேட்பது வேறு, ஊர் வழக்கத்தை ஆராய்வது வேறு என்று சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொந்தமாக உண்டாக்கிய ஒரே பழமொழி அதுதான். அதுவும் அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை பொறுமைசாலி என்று சொன்னேனே. மிஸ்ஸுக்குக் கிணற்றடியைக் காட்டப் போகிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, கிளை இருந்த வீட்டைச் சுற்றி வந்து, மதிலோரமாகக் குனிந்து போய், வானுக்குள் ஏறிக் கதவை இழுத்து மூடினோம். சாரதி தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தான். இயந்திரத்தைப் போட்டால் சத்தம் கேட்கும். ஆகவே குளிரூட்டி இல்லை. பின்னேர வெயிலில் நின்ற வான். கறுப்புக் கண்ணாடி இறங்கியிருந்த விரல் அளவு இடைவெளி வழியாகத்தான் எங்களுக்கு மூச்சும், அவர்களுடைய பேச்சும் வந்தன. நிரோஷா தன் கைக்குட்டையால் விசிறினார். எனக்குப் பதற்றம் வந்தால் எதையாவது சாப்பிடவேண்டும். சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தேன்.

மூன்று பேரும் கேற்றடிக்கு வந்தார்கள். நிரோஷாவைப் பார்த்து, இனித்தான் கேளுங்கள் என்று கண்ணைக் காட்டினேன்.

"எலி வளை" என்றான் ரஜீவன். "அக்கா வெண்டிட்டா. வாய்ப்பன் நான் வாங்கித் தாறன்."

"நான் பனங்காட்டு நரியைத்தான் நம்பியிருந்தனான்" என்று செல்வகுமார் சலித்துக்கொண்டார். "மனிசன் கவிட்டுப்போட்டார்."

"கொழும்பு ஆள் வந்து நிக்கேக்கை நரியை அவிழ்ப்பாரே?" என்றார் கமலினி. "வளைதான் வரும் எண்டு எனக்குக் காலமையே தெரியும்."

என் வாயில் இருந்த பழம் அப்படியே நின்றது. ஒவ்வொரு வெள்ளியும் நான் எந்தப் பழமொழியில் தொடங்குவேன் என்று பந்தயம் பிடித்து, தோற்றவர் தேத்தண்ணிக் கடையில் வாய்ப்பன் (வாழைப்பழப் பணியாரம்) வாங்கிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். உயிரோடு கையை ஆட்டிச் சிரித்தது இதற்குத்தான். நான் நிரோஷாவைப் பார்க்கவில்லை. அவர் கைக்குட்டையால் விசிறுவதை நிறுத்தி வாயை மூடிக்கொண்டிருந்தது மட்டும் கடைக்கண்ணில் தெரிந்தது.

"எந்த மாற்றத்தையும் தாங்கலாம் அண்ணை. வளையைத் தாங்கேலாது" என்றான் ரஜீவன்.

கொஞ்ச நேரம் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கி, பேச்சு கீழே இறங்கியது. அந்த இறக்கத்தை எனக்குத் தெரியும். 'ஒண்டு சொல்ல மறந்துபோனன்' வருகிற இடம் அது. நான் காதைக் கண்ணாடியோடு வைத்தேன்.

"அக்கா, மெய்யாச் சொல்லுங்கோ. உங்களுக்கு யாழ்ப்பாணம் விருப்பம்தானே?" என்று ரஜீவன் கேட்டான்.

"உடுவிலிலை இருந்து ரெண்டு பஸ் ஏறி வாறவளிட்டைக் கேக்கிற கேள்வியே உது? இருட்டோடை எழும்பிச் சமைச்சு மூடிப்போட்டு வாறன். பிள்ளையள் முழிச்சிருக்கிற முகத்தை நான் ஞாயிற்றுக்கிழமைதான் காணுறது. யாழ்ப்பாணம் எண்டால் அதுகளுக்குத் தலையிழுத்துப் பின்னி விட்டிட்டு வெளிக்கிடுவன்."

"எனக்கும் லேசுதான்" என்றார் செல்வகுமார். "வாழைக்குத் தண்ணி கட்டிப்போட்டே வரலாம். கடற்கரைச் சனம் கிளைக்கு எங்கை வருகினம்? அதுகள் கனடாவிலை இருக்கிற மகளைக் கொண்டு போனிலை செய்விக்குதுகள்."

"அப்ப உள்ளை இருந்து வடிவாச் சொல்லியிருக்கலாமே?"

கமலினி பையை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினார்.

"எப்பிடிச் சொல்லுறது தம்பி, அந்த மனிசன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு? எங்கள் எல்லாரிலும் கிட்ட இருந்து வாறவர் அவர் ஒராள்தான். மத்தியானம் போய் மனிசியின்ரை கையாலை ஒரு வாய் சோறு தின்னுறார். அவருக்கு உந்தக் கந்தோரிலை இருக்கிற சுகம் அது ஒண்டுதான். அதை நாங்கள் வாயாலை பறிக்கிறதே? கொழும்பு மூடுறதெண்டால் மூடட்டும். எங்கடை வாயிலை இருந்து அது முழு ஓமாய் வரப்படாது."

"அதுக்குத்தானே நாங்களும் இழுத்து இழுத்து ஓம் சொன்னனாங்கள்" என்றார் செல்வகுமார்.

வானுக்குள் அதுவரை இல்லாத ஒரு வெக்கை ஏறியது. மழை வருமோ என்று கேட்டதெல்லாம் எனக்காக. பணிசைப் பிய்த்ததும் மின்விசிறியைப் பார்த்ததும் எனக்காக. நான் அவர்களுடைய 'இல்லை'யைத் தேடி இத்தனை வெள்ளி அலைந்திருக்கிறேன். அவர்களோ தங்கள் 'ஓமை' என் கண்ணில் படாமல் மறைத்து வைத்திருக்கிறார்கள். உடுவில், நீர்வேலி, கொக்குவில். வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் யாழ்ப்பாணத்துக்குப் பக்கம். ஒரு குழந்தைப்பிள்ளை சொல்லியிருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சாரதி வந்தான். தேத்தண்ணி குடித்த உற்சாகத்தில் வானின் பக்கக் கதவை ஒரே இழுப்பில் முழுதாகத் திறந்துவிட்டான்.

கேற்றடியில் மூன்று பேர். வானுக்குள் நாங்கள் இரண்டு பேர். நிரோஷாவின் முகம் தக்காளி மாதிரி, கண்ணில் தண்ணீர் (சிரிப்பா, வெக்கையா என்று இன்றுவரை கேட்கவில்லை). நான் நனைந்த சேட்டும் கையில் பாதிப் பழமுமாக, காதைச் சாய்த்தபடியே இருந்தேன். அந்த ஒழுங்கையில் ஒரு நாய் கூட அந்த நேரம் குரைத்து உதவவில்லை.

செல்வகுமார்தான் முதலில் பேசினார். "பழம் பதமாய்க் கனிஞ்சிருக்குதோ?"

"ஓம், நல்ல பழம்" என்றேன்.

கமலினி வானத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பொட்டு முகில் இல்லை. "பரமண்ணை, மழை வருமோ?"

"வரும் போலைதான் கிடக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர்கள் போன பிறகு நிரோஷா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அங்கிள், நான் இங்க ஒண்ணும் கேக்கல்லன்னு வச்சிக்கலாம். கேட்டது முறையில்லையே. வட்டத்துல இழுத்து இழுத்துச் சொன்னத மட்டும் எழுதுறேன். 'ஊழியர் மத்தியில் தெளிவில்லை'ன்னு போட்டா இந்த வருசம் கிளைய மூட மாட்டாங்க."

சுடுசோறு அந்தக் கணத்தில் என் கைக்கெட்டும் தூரத்தில் ஆவி பறக்க இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன், ஒரு வாய் அள்ளியும் பார்த்தேன். ஆனால் இருட்டோடு மூடி வைத்த ஒரு சட்டி நடுவில் வந்துவிட்டது.

"வட்டத்திலை சொன்னதும் ஓம், படலையிலை சொன்னதும் ஓம். ரெண்டும் ஒண்டுதான் மிஸ்" என்றேன். "நான் ஒராள்தான் இடையிலை நிண்டு இல்லை எண்டு கேட்டுக்கொண்டிருந்தனான். இணைக்கட்டும் எண்டு எழுதுங்கோ. வசதிப்படுத்துநரும் சம்மதமாம் எண்டு போடுங்கோ."

வீட்டுக்குப் போய்ச் சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்படி நிலையில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தாள். 'நாளையை நோக்கி'யால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அவை எங்கையிருந்து வருகினம் எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

கிளை மூடப்பட்டது. அந்த வீட்டில் இப்போது ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். எங்கள் வட்டம் கூடிய அறையில்தான் பல் பிடுங்குகிறாராம். அவருக்காவது அங்கே யாராவது வாயைத் திறக்கிறார்கள். நான் தினமும் பருத்தித்துறை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்வருகிறேன். போகும்போது நித்திரை, வரும்போது இடுப்பு நோ. மத்தியானம் பெட்டியைத் திறந்தால் சோறு ஆறிக் கிடக்கும். ஆனால் கமலினிக்கு இப்போது காலையில் நேரம் இருக்கிறது. ஒரு சின்னச் சட்டியில் கத்தரிக்காய்ப் பால்கறியைச் சூடு போகாமல் துணி சுற்றிக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்த்துவார். நானும் ஒன்றும் பேசாமல் போட்டுச் சாப்பிடுவேன். பழமொழி ஒன்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவேன்.

தலைமையகம் சும்மா இருக்குமா? நிரோஷா தன் அறிக்கையில் எங்கள் வழக்கத்தைப் பாராட்டி ஒரு பந்தி எழுதப்போக, அடுத்த வருசக் கைநூலில் 'படலை அமர்வு' என்று ஒரு பகுதி சேர்ந்துவிட்டது. வட்டம் முடிந்ததும் ஊழியர்கள் வாயிலருகே பதினைந்து நிமிடம் நின்று சுதந்திரமாக உரையாடவேண்டும், வசதிப்படுத்துநர் சமுகமளிக்கக்கூடாது. அதற்கும் ஒரு ரீசேட் வந்தது. இப்போது எல்லாக் கிளைகளிலும் சனம் கேற்றடியில் வரிசையாக நின்று மழையைப் பற்றிப் பேசுகிறது. உண்மை பஸ் தரிப்பிடத்துக்கு மாறிப்போய்விட்டது. அதையும் யாராவது கொழும்புக்கு எழுதுவதற்கு முன்னால் நான் ஓய்வு பெற்றுவிடவேண்டும்.

எங்கள் வீட்டில் எனக்கு அன்றிலிருந்து படலைத் தடை. விருந்தாட்கள் "அப்ப வாறம்" என்று எழும்பினால் என் மகள் துளசி என் கையில் பேப்பரைத் தருவாள். "அப்பா, நீங்கள் உள்ளை இருங்கோ. அவை உண்மை கதைக்கட்டும்." வந்தவர்களுக்கு விளங்காது, அவர்களுக்கு வானையும் வாழைப்பழத்தையும் அவளே சொல்லிக் கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பழம் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வருகிறது.

போன மாதம் அவளையே பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை பகுதி மானிப்பாய், நல்ல சனம். உள்ளே இருந்து வெங்காய விலை பேசினோம், மழை பேசினோம். மாப்பிள்ளையின் பெரியம்மா உடுவிலாம், கமலினி வீட்டுக்குப் பக்கத்து வளவாம் என்று தெரிந்ததும் நான் பேச்சை மறுபடி வெங்காயத்துக்குத் திருப்பினேன். அவர்கள் எழுந்தார்கள். சாந்தி என்னை விறாந்தையில் நிற்கச் சொல்லிவிட்டு அவர்களோடு படலைக்குப் போனாள். தூரத்தில் தலைகள் ஆடின. ஒரு தடவை எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தூணில் இருந்த எறும்பை ஆராய்ந்தேன்.

திரும்பி வந்து தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கினாள்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"எல்லாம் சரியாம். பிள்ளையை நல்லாப் பிடிச்சிருக்குதாம்." ஒரு கோப்பையைத் துடைத்தாள். "ஒரு விசயம் மட்டும் கேட்டவை."

"காணியோ? நகையோ?"

"அதொண்டும் இல்லை. கலியாண வீட்டிலை நீங்கள் மைக்கைப் பிடிக்கக்கூடாதாம்."

தூணில் அந்த எறும்பை இன்னொரு தடவை தேடினேன். பிறகு, "நீ என்ன சொன்னனீ?" என்றேன்.

"ஓம் எண்டனான்."

"எந்த ஓம்?"

அவள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்துதான் பதில் வந்தது.

"படலையிலை நிண்டு சொன்ன ஓம்."